ஐந்தாவது ஆள்

மயிலாப்பூர்
11 ஏப்ரல் 1943

அன்புள்ள அண்ணனுக்கு,

எந்த முகாமில் இருந்தாலும் மாதா உங்கள் பக்கத்தில் நிற்கட்டும்.

வெள்ளிக்கிழமை நான் அப்பாவிடம் "போகாதீங்க" என்று சொல்லவில்லை. பட்டாளத்துக்கு ரயிலேறும்போது நீங்கள் என்னிடம் கேட்டுக்கொண்டது அந்த ஒரு வார்த்தையைத்தான். இனிமேல் புகை பட்டால் அவர் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

நம் ஃபயர் ஸ்டேஷனில் இப்போது ஆள் இல்லை. உங்களோடு இரண்டு பேர் பட்டாளத்துக்கு வந்துவிட்டார்கள். இன்னும் சிலரைத் துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். குண்டு விழுந்தால் அங்கேதான் விழுமாம். மிச்சத்தை வாலண்டியர்களை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். தையற்கடை அப்துல் வஹீத் அண்ணன்கூடச் சேர்ந்திருக்கிறார், கடை மூடியிருக்கும் நேரத்துக்கு மட்டும். ஐந்து பேர் ஏறாமல் இஞ்சின் வெளியே போகக்கூடாது என்ற உத்தரவு மட்டும் மாறவில்லை.

அன்று மத்தியானம் மணி அடித்தது. கடற்கரைக் குப்பத்தில் தீ என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். குவார்ட்டர்ஸ் பெண்கள் வழக்கம்போல வாசலுக்கு வந்து, ஓடுகிறவர்களை எண்ணினோம். நாலு பேர். அப்பா கட்டிலில் படுத்தபடியே காலடிச் சத்தத்தை எண்ணியிருக்கிறார். "நாலுதானே ஃப்ளோரா?" என்றார். கதவுக்குப் பின்னால் தொங்கிய அவருடைய யூனிஃபார்ம் பெல்ட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன்.

வஹீத் அண்ணன் வண்டியிலிருந்தே, "நைனா, இந்த ஒடம்ப வெச்சிக்கினு நீ இன்னாத்துக்கு வர்றே?" என்றார். "நீ நெருப்புக்குக் காஜா எடுக்கவா போறே? நகந்து குந்துடா" என்று அப்பா ஏறிக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டேஷன் ஆபீசர் அய்யாதுரை ஐயா என்னைப் பார்த்து, பம்புப் பக்கமே நிற்கவைப்பதாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. புத்தகத்தை விரித்தேன், மூடினேன். கழுவிய அரிசியையே மறுபடி கழுவினேன். கோயிலில் சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் புறப்பட்டுத் தெருமுனையிலேயே திரும்பிவிட்டேன்.

இஞ்சின் வந்தபோது அப்பா அதில் இல்லை. ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்திருந்தார்கள். வஹீத் அண்ணன் பெல்ட்டை நீட்டினார். "என்னால கொழாய புடிக்க முடியல தங்கச்சி, தண்ணி வேகம் என்னயே தூக்கி அடிச்சிது. நைனா பாத்துக்கினே இருந்தாரு. பம்ப என்கிட்ட குடுத்துட்டு அவரே உள்ள பூந்துட்டாரு" என்று சொல்லிவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

முன்வரிசைக் குடிசைகள் போயின. மிச்சக் குப்பம் நிற்கிறது.

அப்பாவுக்கு இன்னும் மூச்சு சீராகவில்லை. என்னைப் பார்த்ததும் கேட்டது, ஸ்டேஷனில் எத்தனை பேர் என்றுதான். குப்பத்தை நினைத்தால் பெல்ட்டை எடுத்துக் கொடுத்தது சரி என்று தோன்றுகிறது. அவர் மூச்சை இழுப்பதைக் கேட்டால் அப்படித் தோன்றவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருக்கிறேன்.

என்மேல் கோபப்பட வேண்டாம் என்று கேட்கமாட்டேன். லீவு கேட்டுப் பாருங்கள். ஈஸ்டர் வரை காத்திருக்க வேண்டாம். மற்றபடி நேரத்துக்குச் சாப்பிடுங்கள், பத்திரமாக இருங்கள்.

உங்கள் தங்கை,
ஃப்ளோரன்ஸ்

திங்கள் காலை: இதைத் தபாலில் போடக் கிளம்பும்போது மணி அடித்தது. மந்தைவெளியில் தீ. வாசலில் நின்று எண்ணினேன். வஹீத் அண்ணனையும் சேர்த்து நாலு பேர். வண்டி கிளம்பவில்லை.