நெடுமாறன் வயல் எள்ளுப் பூ

நாவல்குடிக்காடு,
பங்குனி 14.

அன்புள்ள எழிலுக்கு,

பகலவன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். கோயம்புத்தூரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய், கழுத்துவலி விட்டிருக்கிறது என்று நம்புகிறேன். கையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் கடிதாசி எழுதுகிறானே என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய், இல்லாவிட்டால் நான் கத்திவிடுவேன்.

முதலில் உன் தேன்பூச்சிகள் சமாசாரம். அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் உனக்குக் காதில் ஏறாது. மாசியில் பருவம் தப்பி மழை பெய்தது அல்லவா, அதில் நம் வரப்பு முழுக்கத் தும்பை மண்டிவிட்டது. பொங்கலுக்கு வந்து இரண்டே நாளில் கிளம்பும்போது நீ என்ன சொன்னாய்? வரப்பை வெட்டாதீங்க, வேறு பூ இல்லாத நாளில் பூச்சிக்கு அதுதான் சோறு என்றாய். நான் வெட்டவில்லை. வரப்பு வெட்டாதவனை நம் ஊரில் எப்படிப் பேசுவார்கள் என்று உனக்குத் தெரியாதா? பொண்டாட்டி ஊரில் இல்லையென்றால் வரப்புகூடவா தாடி வளர்க்கும் என்று டீக்கடையில் கேட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு வந்தேன். அம்மாவே இரண்டு முறை அரிவாளை எடுத்துக்கொண்டு போனாள். கையைப் பிடித்துத் திருப்பி அழைத்து வந்தேன்.

உன் பூச்சிகள் மாசி முழுக்க என் தும்பையைத்தான் தின்றன. ஆறு தேன்பெட்டியும் கனத்தது. சரி, இனி உளுந்து பூக்கும், நம் வயலிலேயே மேயும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பங்குனி பிறந்ததும் நம் உளுந்து பூத்தது. அதே வாரத்தில் பக்கத்து வயலில் நெடுமாறனின் எள்ளும் பூத்தது. அவ்வளவுதான். ஒரு பூச்சி, ஒரே ஒரு பூச்சி நம் உளுந்தை எட்டிப் பார்க்கட்டுமே! பெட்டி வாசலில் இறங்கி நேரே அவன் வயலுக்குப் பறந்தன. அவன் வரப்போ மொட்டை அடித்த தலை. ஒரு தும்பை கிடையாது. பஞ்சத்துக்கு என்னிடம் தின்றுவிட்டு விருந்துக்கு அவனிடம் போகின்றன. என் வயிறு எரியுமா எரியாதா, நீயே சொல்.

பூச்சி போனால் போகட்டும். நீயும் அப்படித்தானே செய்கிறாய்? எனக்குப் போன் பண்ணினால் சாப்டீங்களா, அத்தை மாத்திரை போட்டாங்களா, இரண்டு கேள்வியோடு சரி. அவனுக்குப் பண்ணினால் அரைமணி நேரம். எள்ளு எத்தனை பூ விட்டுச்சு அண்ணே, பனி எத்தனை மணிக்கு விலகுச்சு, பூச்சி எத்தனை மணிக்குக் கிளம்புச்சு. அவன் வரப்பில் நின்று, காது கேட்காதவனிடம் பேசுவது போல ஊருக்கே கேட்கும்படி உனக்குப் பதில் சொல்கிறான். நான் பத்தடி தள்ளி மண்வெட்டியோடு நிற்கிறேன். அவன் உன்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறான், தப்பாக ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும். தெரிந்தும் பொறுக்கவில்லை.

போன வாரம் வெள்ளிக்கிழமை அவன் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டே, என்னப்பா, தங்கச்சிய இன்னும் ரெண்டு வருஷம் அங்கேயே இருந்து பாடம் சொல்லித்தரச் சொல்றாங்களாம்ல, பங்குனி முடியுறதுக்குள்ள பதில் சொல்லணுமாம்ல, என்ன முடிவு பண்ணுனீங்க என்று கேட்டான். ஆறு மாசத் தேனீ வளர்ப்புப் பயிற்சி, சித்திரையில் நீ வந்துவிடுவாய் என்று நான் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். உன் புருஷனுக்குத் தெரியாத சேதி பக்கத்து வயல்காரனுக்குத் தெரிகிறது. பாத்துக்கிட்டு இருக்கோம்ப்பா என்று அவனிடம் மழுப்பிவிட்டு வந்தேன்.

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில், பூச்சியெல்லாம் அடைந்த பிறகு, நான் ஒரு காரியம் செய்தேன். திட்டுவதானால் இந்த இடத்தில் நிறுத்தித் திட்டிவிட்டு மேலே படி. அவன் வயலை ஒட்டித் தென்னை மரத்தடியில் இருந்த ஆறு பெட்டியையும், தாங்கியோடு தூக்கிக்கொண்டு போய், நம் வயலின் மறுகோடியில் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். நடுவில் நம் உளுந்து இருக்கிறது, இனி அதைத் தாண்டி எப்படிப் போகிறீர்கள் பார்க்கிறேன் என்று பூச்சிகளிடம் வாய்விட்டே சொன்னேன்.

மறுநாள் காலையில் வெளியே போனவை என் உளுந்துக்கும் வரவில்லை, பெட்டிக்கும் திரும்பவில்லை. பத்து மணிக்குத் தென்னை மரத்தடிக்குப் போய்ப் பார்த்தால் ஒரே இரைச்சல். எறும்பு ஏறாமல் இருக்கத் தாங்கியின் காலுக்கு நீ வைத்த தண்ணீர்க் கிண்ணங்களை நான் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அந்தக் கிண்ணங்களுக்கு மேலே, பெட்டி இருந்த உயரத்தில், வெறும் காற்றில் சுற்றிச் சுற்றி வந்தன. காலில் மகரந்தம் அப்படியே ஒட்டியிருந்தது. வீடு எங்கே, வீடு எங்கே என்று கேட்பது போலவே இருந்தது. சாயங்காலம் களைத்துப்போய்த் தென்னை மட்டையில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டன. ஒரு தென்னங்குச்சியால் பெட்டிப் பக்கம் தள்ளிப் பார்த்தேன். நெற்றியில் இரண்டு கொட்டு வாங்கியதுதான் மிச்சம்.

விடிகாலையில் பனி கொட்டியது. பங்குனியில் இப்படியொரு பனியை நான் பார்த்ததில்லை. பொழுது விடிந்து போனால் கீழே இரண்டு கை அளவு செத்துக் கிடந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரிடமும் சொல்லாதே.

அப்போது நெடுமாறன் வந்தான். பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு, அடப்பாவி, பெட்டிய நகத்துனா ஒரு அடி நகத்து, இல்லாட்டி மூணு மைலுக்கு அந்தாண்ட கொண்டுபோ, எடத்த மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கும்ல என்றான். உனக்கு யாருப்பா சொன்னா என்றேன். தங்கச்சிதான் என்றான். ஏன், எங்கிட்ட சொல்ல மாட்டாளா என்று கத்திவிட்டேன். அவன் கோபப்படவில்லை. உங்கிட்டயும்தான் சொல்லிருக்கு, நீதான் ம் கொட்டிட்டு மோட்டார் காயில் போச்சு, உளுந்துல பூச்சி விழுந்துருச்சுன்னு பேச ஆரம்பிச்சுடுவியாம், ரெண்டு வருஷ சேதியக்கூட ரெண்டு தடவ சொல்லிப் பாத்துச்சாம் என்றான்.

எழில், அன்று முழுக்க யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவை நீ ஏதோ சொல்ல வந்தபோது நான் யூரியா மூட்டையைப் பற்றிப் பேசியது ஞாபகம் வந்தது. இன்னொரு தடவை ஞாபகம்கூட வரவில்லை. அவனைப் பார்த்து எனக்கு வந்த எரிச்சல் குறையவில்லை, கூடித்தான் போயிற்று. நான் கேட்க வேண்டியதை அவன் கேட்டிருக்கிறானே என்ற எரிச்சல் அது.

அன்றைக்கே பொழுது சாய்ந்ததும் ஆறு பெட்டியையும் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். அவனும் ஒரு பக்கம் பிடித்தான். ஐந்து பெட்டி தேறிவிட்டது. மூன்றாவது பெட்டி மட்டும் மெலிந்திருக்கிறது. சர்க்கரைப் பாகு காய்ச்சி வைக்கிறேன். ராணி இருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன்.

இன்று காலை ஏழே முக்காலுக்குப் பனி விலகியது. முதல் பூச்சி எட்டு மணிக்கு வெளியே வந்து, வாசலில் கால் துடைத்துவிட்டு, நெடுமாறன் எள்ளுக்குத்தான் போனது. போய்விட்டுப் போகட்டும். ராத்திரிக்கு இங்கேதானே வந்து அடைகிறது. எள்ளுப் பூ மதியத்துக்கு மேல் உதிர்ந்துவிடுவதால், பனி இருக்கிற நாளில் உன் பூச்சிகளுக்கு நாலு மணி நேரம்தான் மேய்ச்சல். இதெல்லாம் நானே உட்கார்ந்து பார்த்தது. யாரையும் கேட்கவில்லை.

அந்த இரண்டு வருஷத்துக்கு நீ என்ன பதில் சொன்னாலும் எனக்குச் சம்மதம் என்று எழுத நினைத்தேன். பொய் சொல்ல வரவில்லை. நீ வந்தால் நல்லது. இருக்கத்தான் வேண்டும் என்றால் இரு, நான் மாசத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறி வருகிறேன். இங்கே எதையும் இடம் மாற்ற மாட்டேன். முடிவை மட்டும் முதலில் என்னிடம் சொல்லு. இந்தத் தடவை ம் கொட்ட மாட்டேன்.

மலைக்காற்று மேலே படாமல் உடம்பைப் பார்த்துக்கொள். மாரியம்மன் உனக்குத் துணையிருப்பாள்.

உன்,
பகலவன்.

பி.கு: உன் பூச்சிகளின் அடுத்த மேய்ச்சலுக்கு வாய்க்கால் கரைப் புங்கை மரத்தில் கிழக்குக் கிளையில் மட்டும் மொட்டு வந்திருக்கிறது. நெடுமாறன் இன்னும் பார்க்கவில்லை.