அறுபத்தொன்றில் ஒரு சிவப்புச் சீட்டு

மார்ச் 22
மகன் பூம் தனக்கு வந்த ராணுவ அழைப்பாணையைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறான். ஏப்ரல் 5, காலை ஏழு மணி, வட்ட அலுவலக மண்டபம். படிக்கிறேன் என்று நான்கு வருடம் தள்ளிப்போட்டான். பட்டம் வாங்கியாயிற்று, இனி சாக்கு இல்லை. ஜூனில் பாங்காக்கில் வேலை காத்திருக்கிறது.

மார்ச் 25
ராணுவத்துக்கு ஆளெடுப்பது சீட்டுக் குலுக்கலில்தான். பானைக்குள் கைவிட்டுக் கறுப்புச் சீட்டு எடுத்தால் வீடு. சிவப்பென்றால் பட்டதாரிக்கு ஒரு வருடம். குலுக்கலுக்கு முன்பே தானாகப் பெயர் கொடுத்தால் ஆறு மாதத்தில் விட்டுவிடுவார்கள். போன வருட எண்ணிக்கைப்படி மூன்றில் ஒருவனுக்குச் சிவப்பு. அப்படியானால் சராசரி நாலு மாதம்தான். ஆறைவிட நாலு குறைவு. சீட்டே எடு என்றேன். சரி என்றான். நான் கணக்கு டீச்சர், எனக்கு வேறென்ன தெரியும்?

மார்ச் 29
பக்கத்து வீட்டு புவாலோய் அக்காவின் மகன் தோங்குக்கும் அதே நாள்தான். ஐஸ் வண்டி ஓட்டுகிறவன். அஞ்சரைக்கு அது கிளம்பும் சத்தத்தில்தான் தினமும் என் தூக்கம் போகிறது. ஒன்பதாவதோடு நின்றவன். அவனுக்குச் சிவப்பு வந்தால் இரண்டு வருடம், தானாகப் பெயர் கொடுத்தாலும் அதேதான். பெண்டாட்டிக்கு ஏழு மாதம்.
அக்கா வேலிக்கு அப்பாலிருந்து, "கணக்குப் போட்டாச்சா டீச்சர்? கறுப்பு வந்தா நூறு அவிச்ச முட்டைன்னு நான் சாமிகிட்ட பேசி முடிச்சிட்டேன்" என்றாள்.

ஏப்ரல் 4
அவனுடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டேன். அங்கே கழற்றத்தான் சொல்வார்கள்.

ஏப்ரல் 5
எப்படி எழுதுவது.
அளவெடுத்துத் தேறியவர்கள் நூற்றியொரு பேர். எடுக்க வேண்டியது நாற்பத்தொன்று. பீங்கான் ஆலை மூடிக் கிடப்பதால் பையன்கள் வரிசையாகப் போய்ப் பெயர் கொடுத்தார்கள். போன வருடம் பன்னிரண்டு, இன்று பத்து மணிக்குள் நாற்பது! பந்தலில் பக்கத்தில் இருந்த அக்கா என் முட்டியைப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி மைக்கில், இன்னும் ஒருத்தன் வந்தால் பானைக்கு வேலையில்லை, எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்றார். சிரித்தார்கள். யாரும் எழவில்லை.
பானைக்குள் ஒரே ஒரு சிவப்பு. அறுபத்தொன்றில் ஒன்று. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.
அப்போது பூம் பெயர் கொடுக்க எழுந்தான்.

ஏப்ரல் 6
ஏண்டா, ஏன்? அறுபத்தொண்ணுல ஒண்ணுடா, கிட்டத்தட்ட ஒண்ணுமேயில்ல. கத்திவிட்டேன்.
சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான்: "அந்த ஒண்ணு யாரோ ஒருத்தன்தானேம்மா."
தோங்குக்காகவா என்று கேட்டேன். அவனும்தான் அங்கே உட்கார்ந்திருந்தான் என்றான்.

ஏப்ரல் 8
பாங்காக்கில் காத்திருக்க முடியாதாம். வேறு ஆளை எடுத்துக்கொள்கிறார்களாம்.

ஏப்ரல் 9
சாயங்காலம் அக்கா ஒரு கூடையோடு வந்தாள். முட்டைகள், இன்னும் சூடாக. சாமிக்கு நூறு என்றாயே என்று கேட்டேன்.
"கறுப்பு எடுத்தாத்தானே நூறு? அவன் சீட்டே எடுக்கலியே. சாமிக்கு அம்பது வச்சிட்டேன், கோவிச்சுக்க மாட்டார். மீதி இங்கதான் சேரணும்."
அழுவாளோ என்று பயந்தேன். அழவில்லை. உப்பு இருக்கிறதா என்று கேட்டாள். திண்ணையில்லாத வாசல்படியிலேயே உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு உரித்தோம். நான் இன்னும் கோபமாகத்தான் இருந்தேன், அது அவளுக்குத் தெரியும்.

மே 1
பூம் மொட்டைத் தலையோடு ராணுவ வண்டி ஏறினான். காது இவ்வளவு பெரிதா இவனுக்கு?

ஜூன் 11
தோங்குக்குப் பெண் குழந்தை. பூமிடம் ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்ல வேண்டும்.

ஜூன் 12
அஞ்சரைக்கு ஐஸ் வண்டி கிளம்பியது. எழுந்துகொண்டேன். தெருமுனை திரும்பும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அரிசி களைந்தேன்.