மோந்து பார்க்காத டின்

நேற்று டெலானிபூர் ஏற்றத்தில் மருமகனின் பழைய பிக்கப் முக்கி முக்கி நின்றுவிட்டது. பட்டறைக்காரன் அடியில் படுத்து மூடியைக் கழற்றினான். கருகிய கியர் எண்ணெய் தட்டில் கொழகொழவென்று விழுந்தது. அதில் ஒரு துணியைத் தொட்டு என் மூக்குக்கு நேரே நீட்டி, "சூங்க் கே தேக்கோ அங்கிள், பூரா ஜல் கயா" என்றான். மோந்து பாருங்கள், முழுக்கக் கருகிவிட்டது என்கிறான். சாக்கடை ஓரம் குந்தி, தின்ற இட்லியைக் கக்கினேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று மருமகன் சோடா வாங்கி வந்தான். வெயிலாவது மண்ணாவது! உம்முடைய நினைப்புதான் அது.

நீர் போய்ச் சேர்ந்த செய்தி தூத்துக்குடியிலிருந்து வந்து மூன்று மாதமாகிறது. நீர் உயிரோடு இருந்தபோது நான் ஒரு கடுதாசி போட்டதில்லை. இப்போது எழுதுகிறேன். இதுவே ஓர் அசிங்கம்தான்.

ஹட் பேயில், நாம் வேலை பார்த்த அந்தத் தீவின் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் நீர் ஓட்டிய அமெரிக்கப் பிக்கப் எத்தனை கை மாறி, எந்த ஏலத்தில் எடுபட்டு அங்கே வந்ததோ தெரியாது. கிளட்ச் கிடையாது, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். "எடது காலுக்கு லீவு குடுத்துட்டான்வே வெள்ளக்காரன்" என்று சிரிப்பீர். தோட்டத்தில் யாருக்கு நோவு வந்தாலும் கப்பல் பிடிக்க ஜெட்டிக்குக் கொண்டுபோக அந்த ஒரு வண்டிதான். டிரைவரும் நீர்தான், மெக்கானிக்கும் நீர்தான், அதுவும் தற்காலிகம். வண்டி ஓடும்வரை உமக்கு வேலை, குடியிருக்க குவார்ட்டர்ஸ். அது நின்றால் பெண்டாட்டி பிள்ளைகளோடு கப்பலேற வேண்டியதுதான். ஊரில் உமக்கு ஒரு குடிசைகூட இல்லை என்பது எனக்குத் தெரியும்.

நான் ஸ்டோர் கிளார்க். சலவைச் சட்டைக்காரன். உம்மைக் கண்டாலே முகம் சுளிப்பேன். நகக்கண்ணில் கிரீஸ், லுங்கியில் பெட்ரோல் நாற்றம். ஒருநாள் நீர் உட்கார்ந்து எழுந்த என் நாற்காலியைத் துணி போட்டுத் துடைத்ததைப் பார்த்துவிட்டீர். அதன்பிறகு ஸ்டோருக்கு வந்தால் நின்றுகொண்டே பேசுவீர்.

உமக்கோ மூக்குதான் எல்லாம். வாரம் தவறாமல் என்ஜினை ஓடவிட்டு, கியர் எண்ணெயின் அளவுக் கம்பியை உருவி, கிழிந்த பனியனில் துடைத்து மோந்து பார்ப்பீர். "செவப்பா இருந்து வாட இல்லன்னா சொகமா இருக்குன்னு அர்த்தம். கருகுன வாட வந்துட்டா மாத்திப்புடணும், ஒரு நாளும் தள்ளப்படாது." அந்த வாடை வந்த வாரம் பார்த்து மழையும் வந்தது, உமக்கு நல்ல சளியும் பிடித்தது. பழைய எண்ணெயை வடித்து, அடித்தட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு, புது டின் கேட்டு வந்து நின்றீர்.

கப்பலில் வந்த காலி டின்னை ஹட் பேயில் எவனும் தூக்கி எறியமாட்டான். எண்ணெய் தீர்ந்தால் அரிசி, அரிசி தீர்ந்தால் குடிதண்ணீர். தோட்டத்தின் முதல் குலைப் பழங்களை அவித்துப் பிழிந்த பாமாயிலைப் பெரிய அதிகாரிக்குக் காட்டுவதற்காக, கியர் எண்ணெய் வந்த காலி டின் ஒன்றில் ஊற்றி என் ஸ்டோரில் வைத்திருந்தார்கள். அதுவும் அதே சிவப்பு. அதன்மேல் பெயர் எழுதி ஒட்டவேண்டியவன் நான். எழுதவில்லை. கியர் எண்ணெய் என்றே எண்ணி அந்த டின்னைத்தான் உமக்கு எடுத்துக் கொடுத்தேன்.

மூடியைத் திறந்து என் பக்கம் நீட்டினீர். "சளியில மூக்கு செத்துக் கெடக்கு. நீரு ஒரு தடவ மோந்து பாத்துச் சொல்லும்வே."

ஒரே ஒரு தடவை குனிந்திருந்தால் போதும். சமையல்கட்டு வாடை காட்டிக் கொடுத்திருக்கும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, "சரியாத்தான் இருக்கு, கொண்டு போம்" என்றேன்.

மறுநாள் ஜெட்டி ஏற்றத்தில் வண்டி புகைந்து நின்றது. வடை சுட்ட சட்டி தீய்ந்த வாடை. அடித்தட்டை இறக்கினால், மஞ்சளும் கறுப்புமாகச் சீழ்போலக் கட்டி கட்டியாக இருந்தது. ஈ வேறு மொய்த்தது. அந்தக் கண்றாவியை நீர் விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தீர். த்தூ! இன்றைக்கும் நினைத்தால் கொமட்டுகிறது.

"பாமாயிலுவே" என்றீர். பிறகு என்னைப் பார்த்து, "மோந்து பாத்தீரா?" என்று கேட்டீர்.

"பாத்தேன்" என்றேன்.

விசாரணையில் அதை இன்னும் அழகாகச் சொன்னேன். டின்னை அவரே பார்த்து எடுத்துக்கொண்டார், என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை என்று. நீர் என் முகத்தைப் பார்த்தீர். அப்புறம் அதிகாரியிடம், "ஹம் டாலா, சாப்" என்றீர். நான்தான் ஊற்றினேன் என்ற அந்த மூன்று சொல்லோடு உம்முடைய வேலை முடிந்தது. வேறு எதையும் நீர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ நாள் உம்மீது கோபப்பட்டிருக்கிறேன். வெட்கங்கெட்டவன், கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?

நீர் கப்பலேறிய அன்று ஜெட்டிக்கு வந்தேன். நாலு பேர் பார்க்க வராமல் இருந்தால் நன்றாயிராதே என்றுதான் வந்தேன். உம் மனைவி ஒரு டிரங்குப் பெட்டியின்மேல் இரண்டு பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். நீர் எல்லார் கையையும் பிடித்து விடைபெற்று வந்தீர். என் முறை வந்தபோது கையை நீட்டிவிட்டுச் சட்டென்று இழுத்து, லுங்கியில் துடைத்துக்கொண்டீர்.

"வேண்டாம்வே, ஒமக்குக் கொமட்டும்" என்று சொல்லிக் கும்பிட்டீர்.

குத்திக்காட்டிச் சொல்லவில்லை நீர். நிஜமாகவே என் கை அழுக்காகிவிடக்கூடாதே என்றுதான் சொன்னீர். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கையைப் பிடிக்காமல் தப்பியது எனக்கு நிம்மதியாக இருந்தது. உம் வேலை போயிற்று, வீடு போயிற்று, நீரும் போய்விட்டீர். அந்த நிம்மதி மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. எத்தனை கழுவியும் போகமாட்டேன் என்கிறது, சனியன்.