பெரிய பிளாப்பி நுழையாத கம்ப்யூட்டர்

23-9-91, திங்கள்
என்னைக் கேட்காமல் பழைய கம்ப்யூட்டரை விற்றுவிட்டார்கள். அநியாயம். இந்த போல்ட் கம்பெனியின் ஸ்டோர் கணக்கு முழுவதும் என் ஆறு பெரிய பிளாப்பிகளில் இருக்கிறது. புதிதாக வந்த 386 கம்ப்யூட்டரில் சின்ன பிளாப்பிதான் நுழையும். முதலாளி மகன் ரகுபதி, "அது ஓல்டு ஸ்டாண்டர்டு ரோஸிம்மா" என்கிறான். தீபாவளிக்குள் கணக்கு ஏறாவிட்டால் மெட்ராஸ் ஆள் என் நாற்காலிக்கு வருவானாம். நான் பேக்கிங்குக்குப் போக வேண்டுமாம்.

புத்தகம் பார்த்துத் தானாகக் கற்றவள் நான். ஐம்பத்தாறு வயதில் அட்டைப்பெட்டி ஒட்டவா? போகமாட்டேன்.

28-9-91
பஸ் ஏறி மெட்ராஸ் போனேன். ரிச்சி தெருவில் பெரிய பிளாப்பி படிக்கும் பழைய டிரைவ் கிடைத்தது. கடைக்காரன், "இன்னா பாட்டி, மியூசியம் வெக்கப் போறியா?" என்றான்.
"பாட்டி உன் வூட்ல இருப்பா. ஒயரைக் குடு."

1-10-91
மாட்டினேன். டிரைவ் விளக்கு அணையவே இல்லை. படிக்கவும் இல்லை.

3-10-91
ஒயரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினேன். விளக்கு அணைந்தது. ஆனால் அப்படியொரு டிரைவே இல்லை என்கிறது மெஷின். இருக்கிறதே, கண்ணெதிரே!

17-10-91
ஆயுத பூஜை. ஸ்பேனர், கேஜ் எல்லாம் சாமி முன்னால். நான் சர்ச்சுக்குப் போகிறவள்தான். அதற்காக என் கருவி மட்டும் ஏன் இல்லாமல்? ஆறு பிளாப்பிகளையும் கொண்டுபோய் வைத்தேன்.

19-10-91
ரகுபதி செட்டப் திரையைத் திறந்து இரண்டாவது டிரைவைப் பதிந்தான். முதல் பிளாப்பி படித்தது! நான்கு ஏறின. ஐந்தாவது கரகரவென்றது. உருவிப் பார்த்தால் — சந்தனம். பேக்கிங் கோவிந்தம்மா உறையைக் கழற்றி, டிரைவ் படிக்கிற அந்தப் பளபளப்பான திறப்பிலேயே பார்த்து அப்பியிருக்கிறாள். ஆறாவதிலும்.
"சாமிக்கு வெச்சதை வெறுமனே வுடலாமா ரோஸிம்மா?"
"அதுக்குன்னு வாயிலயேவா அப்புவே?"
கத்திவிட்டேன். வைத்தது நான்தானே.

21-10-91
முதலாளி திரையை வெகுநேரம் பார்த்தார். "மீதியையும் நீயே ஏத்திடுவியா?" என்றார். ஏற்றுவேன் என்றேன்.

கெட்டுப்போன இரண்டு பிளாப்பியில் இருந்த நட்டு, வாஷர் பெட்டிகளை மறுபடி எண்ண — கோவிந்தம்மா.
எண்ணியதை ஏற்ற — நான்.
டிரைவின் சந்தனத்தைத் துடைக்க — ரகுபதி. நான் பக்கத்தில் நிற்க.
ஏறியதற்கெல்லாம் சின்ன பிளாப்பியில் இரண்டு நகல் — நான்.
386-இன் புத்தகத்தை ரகுபதியிடமிருந்து வாங்கிப் படித்து முடிக்க — நான்.
மெட்ராஸ் ஆளுக்கு வர வேண்டாமென்று போன் செய்ய — முதலாளி. என் எதிரிலேயே.