ஒரு மடக்குத் தண்ணீர்

நேற்று வேங்கிக்காலில் சரோஜா வீட்டு டிவியில் ஒரு சிப்பாய் தன் குடலைத் தன் கையாலேயே வயிற்றுக்குள் தள்ளிக்கொண்டிருந்தான். அவள் புருஷன் கண்ணப்பன் உன் பக்கத்தில் கிடந்து செத்தானே, அதே வங்காளத்துச் சண்டையைப் புதுசாகப் படம் எடுத்திருக்கிறார்கள். நீ போய்ச் சேர்ந்து இரண்டு கார்த்திகைத் தீபம் கழிந்துவிட்டது. எனக்கு எழுத்து தெரியாது. செங்கம் ரோட்டில் அறை எடுத்திருக்கும் வெளியூர்க்காரர் ஒருவரிடம் சொல்லி எழுதவைக்கிறேன். அவருக்குச் சரோஜாவைத் தெரியாது. அதனால்தான் அவர்.

நீ, நான், சரோஜா மூன்று பேரும் பார்த்த அந்தப் பழைய படம் ஞாபகம் இருக்கிறதா? நீ பட்டாளத்தை விட்டு வந்த வருஷம். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு சினிமா கேட்கிறதா என்று அவள் மாமியார் திட்டினாள். சண்டை எப்படி இருக்கும் என்று நான் பார்க்க வேண்டாமா என்று சரோஜா கிளம்பிவிட்டாள்.

படத்தில் கதாநாயகன் நெஞ்சில் குண்டு. ரத்தம் குங்குமப் பொட்டு அளவுக்கு. மூச்சு விடாமல் பேசினான். கூட்டாளி அவனை மடியில் கிடத்தி, பாட்டிலைத் திறந்து வாயில் ஊற்றினான். ஒரு மடக்குக் குடித்து, கொடியைப் பார்த்துக் கண்ணை மூடினான். கொட்டகையே விசிலடித்தது. "குண்டு பட்டவன் இவ்ளோ பேசுனா சுட்டவன் தூங்கிடுவான்டா" என்றாய் என் காதில்.

வெளியே வந்ததும் சரோஜா, வீரமாகச் செத்தாரா என்றெல்லாம் கேட்கவில்லை. "அண்ணா, அவரு வாயிலயும் இப்படித் தண்ணி ஊத்துனீங்களா?" என்றாள். போகிறவன் வாயில் ஒரு சொட்டு விழாமல் போனால் நம் பெண்களுக்கு அது ஆறவே ஆறாது. நீ கண்ணை இமைக்காமல் சொன்னாய்: "ஊத்துனேன் தங்கச்சி. ஒரு மடக்கு குடிச்சான்."

அவளை வீட்டில் விட்டபிறகு என்னிடம் நடந்ததைச் சொன்னாய். ஒரு வார்த்தைகூட எனக்குத் தப்பவில்லை. குண்டுச் சில்லு அவன் வயிற்றைக் கிழித்துவிட்டது. அடுத்துக் கிடந்தவனுக்குத் தலையே இல்லை. வயிற்றில் அடிபட்டவனுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று மருந்துக்காரன் உன் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டான். கண்ணப்பன் தண்ணி, தண்ணி என்றே கத்தினான். உன்னைத் தேவடியா மகனே என்றான். உன் மணிக்கட்டைக் கடித்துச் சதையைப் பிய்த்தான். குடல் பின்னால் இழுபட ஊர்ந்துபோய், பிணம் ஊறிக் கிடந்த பள்ளத்துத் தண்ணீரில் வாயை வைக்கப் போனான்.

"முடியப் புடிச்சு இழுத்தேன்டா. பொழைச்சுக்குவான்னு இழுத்தேன்."

உன் கையில் முடி இருக்கும்போதே அடங்கிவிட்டான்.

நேற்றைய படத்தில் எல்லாம் நீ சொன்னபடியே இருந்தது. சேறு, ஈ, அந்த அலறல். மருந்துக்காரன் பாட்டிலைத் தட்டிவிட்டு, வயிற்றில் அடி, கொடுக்காதே என்று கத்தினான். சரோஜா என் பக்கம் திரும்பினாள். தன் புருஷனுக்கும் வயிற்றில்தான் என்று பட்டாளத்துத் தகவலிலேயே அவளுக்குத் தெரியும்.

"வயித்துல பட்டா தண்ணி குடுக்க மாட்டாங்களாமே அண்ணா. அப்போ மிலிட்டரி அண்ணன் சொன்னது?"

அந்தப் பொய்ப் படத்தை அவளுக்காக நீ நிஜமாக்கினாய். நேற்று இந்த நிஜப் படத்தை நான் பொய்யாக்க வேண்டியதாயிற்று. "சினிமாக்காரனுக்கு என்னம்மா தெரியும்? அவரு வயிறு நெறைய குடிச்சாரு" என்றேன். சொன்ன பிறகுதான் என் வாயில் வந்தது எனக்கே உறைத்தது.

அவள் என்னையே பார்த்தாள்.

"மிலிட்டரி அண்ணன் ஒரு மடக்குன்னாரு. நீங்களாவது ஜாஸ்தியா குடுத்தீங்களே."

நான் டிவியை நிறுத்தப் போனேன். வேண்டாம் என்று கையைத் தடுத்தாள். அந்தச் சிப்பாய் துடித்து அடங்கும்வரை இரண்டு பேரும் பார்த்தோம். உன்னிடமும் என்னிடமும் இருந்தது இப்போது அவளிடமும் இருக்கிறது. நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ள மாட்டோம்.