ஷேக்கிங் என்று சொல்பவர்கள்

மார்ச் 3, திங்கள்

என் மேல் புகார். இத்தனை வருஷமாக ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறேன். குத்தின இடம் வீங்கிப்போச்சு என்றுகூட ஒருத்தர் சொன்னதில்லை. இன்று முத்துத்தோடு போட்ட ஒரு அம்மா, நான் அவரோடு வாதம் பண்ணினேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நடந்தது இவ்வளவுதான். கையில் ரப்பர் பட்டையைக் கட்டினேன். "ஐ ஆம் ஷேக்கிங்" என்றார். கையைப் பார்த்தேன், ஆடாமல் அசையாமல் கிடந்தது. "நோ மேடம், நாட் ஷேக்கிங்" என்றேன். "ஐ ஆம்!" என்றார். "நோ" என்றேன். உள்ளதைச் சொன்னால் புகாரா?

லேப் டாக்டர் கூப்பிட்டு, ரத்தம் எடுக்கிற அறைக்கு இன்சார்ஜ் போடப்போகிற நேரத்தில் இது தேவையா என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. போட்டி எனக்கும் கூட வேலை செய்கிற பட்டாசுக்கும். நான் வைத்த பெயர்தான் அது. அவள் வாயில் இங்கிலீஷ் படபடவென்று வெடிக்கும். என்னுடையது தள்ளினால்தான் நகரும் வண்டி. ஆனால் அந்த வேலை எனக்கு வேண்டும். வெளியே சொல்லத்தான் வெட்கம், இங்கே என்ன?

மார்ச் 4, செவ்வாய்

கோபம் இன்னும் ஆறவில்லை.

மார்ச் 6, வியாழன்

இன்று வேண்டுமென்றே கவனித்தேன். டை கட்டின ஒருவர் "ஷேக்கிங்" என்றார், இன்னொரு கையால் போனில் மெசேஜ் தட்டிக்கொண்டே. ஒரு கல்லூரிப் பெண் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். இரண்டு பேருக்கும் விரல்நுனிகூட ஆடவில்லை. மதியம் செக்யூரிட்டி யூனிஃபார்மில் ஒரு பெரிய ஆள் வந்தார். "ஃபைன், ஃபைன்" என்கிறார், நாற்காலிக் கைப்பிடி கடகடக்கிறது.

அப்படியானால் சொல்கிறவருக்கு நடுங்குவதில்லை, நடுங்குகிறவர் சொல்வதில்லை. இது என்ன பாஷையோ!

மார்ச் 8, சனி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். டாக்ஸி ஓட்டுகிறவருக்குத் தெரியாத இங்கிலீஷா? நேற்றுப் பின்சீட்டில் ஒரு அம்மா, மகள் பாஸாகிவிட்டாள் என்று போனில் கேட்டு "ஐ ஆம் ஷேக்கிங்" என்று கத்தினாராம். கண்ணாடியில் பார்த்தால் லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டிருக்கிறாராம். "ஒரு நூல்கூடக் கோணல் இல்ல. நடுங்குறவங்க போடுற மாதிரியா இருந்துச்சு?" என்றார்.

சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. நம் ஆட்கள் மட்டும் என்ன? என் நாத்தனார் தினம் ஒரு தடவை "எனக்கு உசுரே போயிடுச்சு" என்பாள், அடுத்த நிமிஷம் எழுந்து டீ போடுவாள். போன உசுரை நாடி பிடித்தா பார்க்கிறோம்? என்ன ஆச்சு என்றுதானே கேட்கிறோம். அந்த முத்துத்தோடு அம்மாவும் கொஞ்சம் பொறு, என்னைப் பார் என்றுதான் சொல்லியிருக்கிறார். நான் கையைப் பார்த்து ரிப்போர்ட் கொடுத்திருக்கிறேன். அட மக்கே!

மார்ச் 13, வியாழன்

நாளை எங்கள் இரண்டு பேரையும் வேலை செய்ய வைத்துப் பார்த்துத்தான் இன்சார்ஜை முடிவு பண்ணப் போகிறார்களாம். இங்கிலீஷ் பேசுகிற பேஷன்ட் வேறு.

மார்ச் 14, வெள்ளி

பட்டாசு முதலில் போனாள். அழகாகப் பேசினாள், அழகாக எடுத்தாள். பிறகு நான்.

என் நாற்காலிக்கு வந்தவர் ஆறடி ஆள். "ஐ ஆம் ஃபைன்" என்று உட்கார்ந்தார். முழங்கையிலிருந்து விரல்வரை நடுக்கம். அந்தக் கையில் ஊசி போட்டால் நரம்பு நழுவும், இன்னொரு குத்து வேண்டிவரும். பயப்படாதீங்க என்று சொல்லலாமா? பின்னால் டாக்டரும் மற்றவர்களும் நிற்கிறார்கள், மனுஷன் கூசிப்போவார்.

ஊசியைத் தட்டில் வைத்தேன். "சாரி சார். ஐ ஆம் ஷேக்கிங். ஒன் மினிட்" என்றேன்.

பின்னால் பேனா கிறுக்குவது கேட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

ஆனால் அவர் என்னைப் பார்த்தார். "ஓ... மீ டூ" என்றார். பெரிய மூச்சு ஒன்று வெளியே போனது, தோள் இறங்கியது. பேன்ட்டில் நாய்முடி ஒட்டியிருந்தது. "டாக்?" என்று கேட்டேன். அவ்வளவுதான், அந்த நாயின் சரித்திரமே வந்தது. எனக்குப் பாதி புரியவில்லை, தலையாட்டினேன். கை அடங்கியது. ஒரே குத்து. எப்போது எடுத்தேன் என்று அவரே கேட்டார்.

அவர் போனதும் டாக்டர், "ஊசி போடுறவங்களே நடுங்குதுன்னு சொல்லலாமாம்மா?" என்றார். இரண்டு கையையும் அவர் முன்னால் நீட்டினேன்.

"எனக்கு நடுங்கல சார். அவருக்குத்தான். அவரால சொல்ல முடியல, அதான் நான் சொன்னேன்."

என் கையைப் பார்த்தார். பிறகு பட்டாசின் பக்கம் திரும்பினார். அவள் சும்மா இருந்திருக்கலாம். "இங்கிலீஷ்ல அது சகஜமா சொல்றதுதான் சார். ஆனா அந்த நேரத்துல எனக்கு அது தோணியிருக்காது" என்றாள்.

எழுதியே வைக்கிறேன்: இன்று என்னை நினைத்து எனக்கே பெருமையாக இருக்கிறது. யார் எது கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சரி. அவள் மேலும் மரியாதை வந்துவிட்டது, அது வேறு.

மார்ச் 18, செவ்வாய்

முடிவு சொல்லவில்லை. பட்டாசு டீ வாங்கிக்கொடுத்தாள். இரண்டு பேரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. இவர் பாய்ந்து எடுத்தார். "இன்சார்ஜ் மேடம் சாப்பிட்டுட்டு இருக்காங்க. என்ன விஷயம்னு சொல்லுங்க, கேட்டுச் சொல்றேன்" என்கிறார், தெருவுக்கே கேட்கிற குரலில். எச்சில் கையோடு பிடுங்கப் போனேன். மனுஷன் கொடுத்தால்தானே!

பட்டாசுதான். நாளை லீவு வேண்டுமாம், இனி அதை என்னிடம்தானே கேட்க வேண்டும். இவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, ரொம்பப் பவ்யமாக என்னிடம் குனிந்து, "குடுக்கலாங்களா மேடம்?" என்று கேட்டார்.

கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இருந்துவிட்டு, கொடுத்தேன்.