கடுகு டப்பாவில் ஒரு மாத்திரை

மேலகரம்
14-8-84

துரைக்குட்டி, அம்மா எழுதுதேன். அஸ்ஸாம்ல குளிரோ வெயிலோ, நீ உடம்புக்கு ஒண்ணுமில்லாம இருந்தா எங்களுக்கு அதுவே போதும். இங்கன சாரல் விட்டு விட்டு அடிக்குது, நாங்க ரெண்டு பேரும் இருக்கோம். எப்பவும் பக்கத்து வீட்டுப் பாத்திமுத்துதான் எனக்கு லெட்டர் எழுதித் தருவா, இது ஒருத்தர் காதுக்கும் போகக் கூடாத சங்கதி, அதான் நானே எழுத்துக்கூட்டி எழுதுதேன், தப்பு இருந்தா சிரிக்காத.

உன் தங்கச்சி புஷ்பம் தையில மஞ்சக்காமாலையில போன பிறகு உங்க அப்பா சாப்பிடாம பேசாம சுவரையே பாத்துக்கிட்டுக் கிடந்தாகல்லா. வைகாசியில தென்காசிக்குக் கூட்டிட்டுப் போனேன், வியாழக்கிழமைதோறும் மதுரையில இருந்து ஒரு மனநோய் டாக்டர் வாராரு. இது வெறும் துக்கமா வியாதியான்னு ரத்தத்துல தெரியும், வியாதின்னா மாத்திரைக்குக் கேக்கும்னாரு. எனக்கு அப்பவே பிடிக்கல. எனக்கும் மகதான் செத்தா, என் ரத்தத்த ஒருத்தரும் கேக்கல. ரத்தம் எடுக்கதுக்கு முந்தின ராத்திரி பதினோரு மணிக்குப் போடச் சொல்லி ஒரு சின்ன மாத்திரை தந்தாக. இது மருந்தில்ல, சோதிக்கதுக்கு, இதப் போட்டா ரத்தத்துல இருக்க ஒரு சத்தோட அளவு கீழ இறங்கணும், இறங்காட்டா வியாதிதான்னு கம்பவுண்டர் கைலாசம் அண்ணாச்சி சொன்னாக. பால்ல தண்ணிய ஊத்திட்டுப் பால் சுத்தமான்னு பாக்க மாதிரில்லா இருக்கு. என்னத்தையோ உள்ள போட்டுப் பரீட்சை பாக்காகன்னு நினைச்சு நான் குடுக்கல. வெறும் தண்ணியக் குடுத்துட்டு மாத்திரையக் கடுகு டப்பாவுல போட்டுட்டேன். மறுநாள் அண்ணாச்சி கேட்டதுக்கு, போட்டாகன்னு சொல்லிட்டேன். நாலு மணிக்கு ரத்தம் எடுத்து ஐஸ் பிளாஸ்குல மதுரைக்குப் போச்சு.

மறு வாரம் டாக்டர், சத்து இறங்கவே இல்ல, இது மாத்திரைக்குக் கேக்குத வியாதிதான்னு சந்தோசமாச் சொன்னாரு. எப்படி இறங்கும், மாத்திரைதான் டப்பாவுல கிடக்கே. அந்த வாரம் அப்பா தண்ணிகூட வேண்டான்னுட்டாக, வேற வழியில்லாம அவரு எழுதிக் குடுத்த மருந்தப் பயந்து பயந்து குடுத்தேன். நாலாவது வாரம் சோத்துல கை வச்சிட்டு, என்னட்டி இது ரசமா குளத்துத் தண்ணியான்னு கேட்டாகலே. எத்தன மாசத்துக்குப் பிறகு ஒரு ஏச்சு. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

இப்ப நாளைக்கு ராத்திரி போட மறுபடியும் அதே மாத்திரை தந்திருக்காக. இந்தத் தடவ சத்து இறங்கிட்டா குணமாயிட்டுன்னு அர்த்தமாம், மருந்தக் கொறைச்சு நிறுத்திரலாமாம். குடுத்தா நிறுத்திருவாரோ. நடந்தத ஒத்துக்கிட்டா, முதல்ல பாத்ததே தப்புன்னு அப்பவும் நிறுத்திருவாரோ. நிறுத்துனா அப்பா மறுபடி சுவர் பக்கம் திரும்பிருவாகளோ. மறுபடி ஏமாத்தவும் கை வரல, வார ஆளுககிட்ட எல்லாம் உங்க அப்பா பேரச் சொல்லி, பிச்சையா ரத்தம் சொன்னபடியே நடந்துட்டுன்னு டாக்டர் சொல்லுதாரு. ரெண்டு மாத்திரையும் இப்ப ஒரே டப்பாவுல கிடக்கு. வியாழக்கிழமை டப்பாவோட போயி அவரு மேசையில வச்சிருவோம்னுதான் இருக்கேன். இந்த லெட்டர் உன் கையில கிடைக்கும்போது அது முடிஞ்சிருக்கும்.

பட்டாளத்துல ரத்தம் எடுக்க வந்தா எதுக்குன்னு கேட்டுக்கோ. அப்பாவுக்குத் தனியா ஒரு லெட்டர் போடு, இதப் பத்தி எழுதிராத. நம்ம சாஸ்தா உன் பக்கத்துலயே நிக்கட்டும், நீ நூறு வருசம் நல்லா இருய்யா.

உன் அம்மா
வடிவம்மாள்

ஒட்டுத மடிப்புல கொஞ்சம் இடம் இருக்கு. அன்னைக்கு நான் அந்த மாத்திரையக் குடுத்திருந்தா உங்க அப்பா ரத்தம் என்னலே சொல்லியிருக்கும்?